வண்டிக்கு வைத்தியம்

போன மாதம் என் காருக்குப் புகைச் சோதனைத் தவணை வந்தது. எங்கள் பேட்டையில் பெட்ரோல் பங்க் ஓரமாக ஒரு பழைய வேன் நிற்கும். அதற்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு காமிரா, பாம்பைப் போலச் சுருட்டி வைத்த ஒரு ரப்பர் குழாய். அந்தக் குழாயை வண்டியின் புகைக்குழாய்க்குள் செருகி, என்ஜினை ஓடவிட்டு, வெளிவரும் புகையில் எந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, அதன் பிறகே சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். வேனில் இருந்த இளைஞர் நம்பர் பலகையைப் படம் பிடித்தார், பணத்தை வாங்கிக்கொண்டார், சான்றிதழை நீட்டினார். ஒரே நிமிஷத்தில் காரியம் முடிந்தது.

"குழாயைச் செருகவே இல்லையே, தம்பி?" என்றேன்.

"புது வண்டி சார், எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தார்.

உண்மையை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அப்போது கோபம் வரவில்லை, சந்தோஷந்தான் வந்தது. வெயிலில் கால்மணி நேரம் காத்து நிற்காமல் தப்பினோமே என்ற அற்ப சந்தோஷம். வீட்டுக்கு வந்து சான்றிதழை மடித்து வைக்கும்போதுதான் என் தகப்பனார் ஞாபகம் வந்தது. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். சந்தோஷம் போய்விட்டது.

என் தகப்பனார் கும்பகோணத்தில் உத்தியோகம் பார்த்தவர். மூன்று பேர் கைமாறி நாலாவதாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு பழைய கார் அவரிடம் இருந்தது. நான் சொல்வது 1980-களில். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி ஆனதும் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியின் பானெட்டைத் திறப்பார். முதலில் ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பார். பிறகு ஆயில் கம்பியை உருவி, பழைய பனியன் துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்ப்பார். ஒரு சொட்டு ஆயிலைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்து, அது பிசுக்காக இருக்கிறதா, நீர்த்துவிட்டதா என்று தீர்ப்புச் சொல்வார். பாட்டரியின் ஆறு மூடிகளையும் திருகித் திறந்து, உள்ளே தகடுகள் முழுகும் வரை டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவார். பாட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்பை வெந்நீர் விட்டுக் கழுவி, வாசலின் தடவுவார். கடைசியாக ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளி சரிபார்த்து மாட்டுவார்.

"அபிஷேகம் முடிந்ததா? தீபாராதனைக்கு நான் வரட்டுமா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்பாள்.

தீபாராதனையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பா ஆசனத்தில் உட்கார்ந்து என்ஜினைக் கிளப்புவார். நான் வண்டிக்குப் பின்னால், புகைக்குழாய்க்கு நேராக நிற்க வேண்டும். "என்ன நிறம்டா?" என்று அவர் குரல் கொடுப்பார். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஓயாமல் வெள்ளையாகவே வந்தால் தண்ணீர் எங்கோ உள்ளே கசிகிறது. ஒரு நிறமும் இல்லையென்றால் என்ஜின் சௌக்கியம். ஏழெட்டு வயதுப் பையனுக்கு இதைவிடப் பெரிய பதவி வேறென்ன வேண்டும்? மூச்சை நன்றாக இழுத்து, பெட்ரோல் வாசனையை அனுபவித்து, "ஒண்ணுமில்லேப்பா, சுத்தமா வருது" என்று அறிக்கை சமர்ப்பிப்பேன்.

என் அறிக்கை எவ்வளவு தப்பு என்பதை அறிய எனக்குப் பல வருஷங்கள் ஆயின. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

*

மோட்டார் வண்டிக்கு வைத்தியம் பார்க்கும் கலையின் ஆதியைத் தேடிக்கொண்டு போனால் ஒரு குடும்பப் பெண்மணியிடம் போய் நிற்கிறோம். கார்ல் பென்ஸ் என்ற ஜெர்மானியர் 1886-ல் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு உரிமைப் பத்திரம் வாங்கினார். ஆனால் அதை ஊரறிய நீண்ட தூரம் ஓட்டிக் காட்ட அவருக்குத் தயக்கம். 1888 ஆகஸ்டில் ஒரு நாள் அவருடைய மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலே இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள தம் பிறந்த ஊரான ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டுவிட்டார்.

வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. அம்மாள் தம் தொப்பி ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை நீக்கினார். மின்பொறிக் கம்பியின் உறை தேய்ந்து போயிற்று. காலுறையைக் கட்டும் பட்டியை அவிழ்த்து அதற்குச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தது. ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். எரிபொருள் தீர்ந்தது, வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் புகுந்து, கறை போக்க விற்கும் லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் ஒரு மருந்துக் கடை. முதல் மெக்கானிக் ஒரு தாயார். வண்டிக்கு வைத்தியம் என்று நான் சொல்வது வெறும் அலங்காரம் அல்ல.

அதற்குப் பின் வந்த இருபது, இருபத்தைந்து வருஷங்களில் வண்டிகள் பெருகின. ஆனால் என்ஜினைக் கிளப்ப வேண்டுமானால் முன்புறம் ஒரு இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். என்ஜின் சில சமயம் எதிர்ப்புறமாக உதைக்கும். அப்படி உதைத்தால் மணிக்கட்டு முறியும். சிலருக்கு முகத்திலும் அடிபடும். எங்கள் பழைய காரிலும் ஆபத்துக்கு உதவ அந்தக் கைப்பிடி இருந்தது. மழைக்காலத்தில் பாட்டரி படுத்துவிட்டால் அப்பா அதை எடுப்பார். கட்டை விரலை மற்ற விரல்களுக்கு எதிர்ப்புறமாக மடக்கிப் பிடிக்காதே, எல்லா விரலும் ஒரே பக்கம் இருக்கட்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது அப்போதுதான்.

இந்தத் துன்பத்தைப் போக்கியவர் அமெரிக்காவில் டேட்டன் நகரத்தைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங் என்ற என்ஜினீயர். அவர் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் வருஷத்து காடிலாக் கார்களில் வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பெண்களும் வயதானவர்களும் தனியாக வண்டி எடுக்க முடிந்தது. ஆனால் ஸ்டார்ட்டரைச் சுழற்றப் பலமான பாட்டரி வேண்டும். அந்தப் பாட்டரியின் மூலவடிவத்தை 1859-லேயே பிரான்சு தேசத்து காஸ்டன் பிளாந்தே கண்டுபிடித்திருந்தார். காரீயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் முழுக வைத்த பாட்டரி அது. அப்பா டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றியதும் அதன் வம்சத்துப் பாட்டரிக்குத்தான்.

இங்கே ஒரு வார்த்தை. ஈயம் என்றதும் நம் வீட்டு ரசம் கொதிக்கும் ஈயச்சொம்பு நினைவுக்கு வரும். அது வெள்ளீயம், வேறு உலோகம். நான் சொல்வது காரீயம். இது உடம்புக்குள் போனால் விஷம். இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்த விட்ரூவியஸ் என்ற கட்டடக் கலைஞரே, காரீயக் குழாயில் வரும் தண்ணீரைவிட மண் குழாயில் வரும் தண்ணீர் நல்லது என்று எழுதி வைத்திருக்கிறார். ஆகவே அதன் குணம் யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல.

பாட்டரி ஒரு பெட்டிக்குள் அடங்கியிருப்பது. அதோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. காரீயம் இன்னொரு வாசல் வழியாகவும் வண்டிக்குள் நுழைந்தது.

*

என்ஜினுக்கு ஒரு வியாதி உண்டு. மேட்டில் ஏறும்போது உள்ளே யாரோ சுத்தியால் தட்டுவது போல 'டக் டக்' என்று சத்தம் கேட்கும். நம் மெக்கானிக்குகள் அதை 'நாக்கிங்' என்பார்கள். தீபாவளிச் சரவெடியை நினைத்துக்கொள்ளுங்கள். திரியின் ஒரு முனையில் தீ வைத்தால் அது வரிசையாக ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டு போக வேண்டும். பாதி வெடிகள் முறை தவறி, தாமாகவே ஒரே சமயத்தில் வெடித்தால் எப்படி இருக்கும்? என்ஜினுக்குள் நடப்பதும் அதுதான். பொறி விழுந்த இடத்திலிருந்து பெட்ரோல் ஆவி சீராக எரிந்து பரவ வேண்டும். அழுத்தமும் சூடும் அதிகமானால் கடைசிப் பகுதி தானாகவே குபீரென்று வெடித்துப் பிஸ்டனை அறைகிறது.

கெட்டரிங்கின் பாட்டரிப் பொறிதான் இந்த வியாதிக்குக் காரணம் என்று அவருடைய போட்டியாளர்கள் தூற்றினார்கள். பழியைத் துடைக்க அவர் தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் என்ஜினீயரை 1916-ல் நியமித்தார். பழி பொய், குற்றவாளி பெட்ரோல்தான் என்று மிட்ஜ்லி கண்டுகொண்டார். பிறகு பெட்ரோலுக்கு மருந்து தேடும் படலம் ஆரம்பமாயிற்று. அயோடின் கலந்து பார்த்தார். சத்தம் குறைந்தது, ஆனால் விலை அதிகம், உலோகத்தையும் அரித்தது. இப்படி எத்தனையோ வஸ்துக்களைச் சோதித்த பிறகு, 1921 டிசம்பர் 9-ஆம் தேதி டெட்ரா எத்தில் லெட் என்ற காரீயத் திரவத்தைத் துளி அளவு கலந்தார்கள். சத்தம் அடியோடு நின்றது. ஒரு காலன் பெட்ரோலுக்கு மூன்று கன சென்டிமீட்டர் போதும். ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. 1923 பிப்ரவரியில் டேட்டன் நகரில் விற்பனை தொடங்கிற்று. சரக்குக்கு 'எத்தில்' என்று ஒரு பெண்ணின் பெயரைப் போல இனிமையாகப் பெயர் வைத்தார்கள். காரீயம் என்ற சொல் பெயரில் இல்லை.

சாராயம் கலந்தாலும் இந்தச் சத்தம் அடங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் சாராயத்தை எந்தக் குடியானவனும் காய்ச்சலாம்; அதற்குத் தனி உரிமை கொண்டாட முடியாது.

மருந்தில் ஒரு சிக்கல் எழுந்தது. எரிந்த காரீயம் என்ஜினுக்குள்ளேயே படிந்து ஸ்பார்க் பிளக்கையும் வால்வுகளையும் கெடுத்தது. இதற்கு ஒரு மாற்று மருந்து கண்டுபிடித்தார்கள். எத்திலீன் டைபுரோமைடு என்ற மற்றொரு ரசாயனத்தைச் சேர்த்தால், காரீயம் உள்ளே தங்காமல் ஆவியாகிப் புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். அதாவது என்ஜினைக் காப்பாற்றுவதற்காகக் காரீயத்தைத் தெருவுக்கு விரட்டினார்கள். தெருவில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி அந்தச் சோதனைச் சாலையில் எழவில்லை போலும்.

அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தவர்கள் தொழிலாளிகள். நியூஜெர்சி மாகாணத்தில் இந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிற்சாலைகளில், இல்லாத பூச்சிகளைக் கையால் ஓட்டிக்கொண்டு சிலர் வேலை செய்தார்கள். டீப்வாட்டர் என்ற இடத்தில் இருந்த தொழிற்சாலைக்கு 'வண்ணத்துப்பூச்சி வீடு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1924 அக்டோபரில் பேவே என்ற ஊரின் எண்ணெய் ஆலையில் நிலைமை முற்றிற்று. புத்தி பேதலித்து, கட்டிப் போட வேண்டிய நிலையில் தொழிலாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். முப்பதுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பத்திரிகைகள் அந்தப் பெட்ரோலுக்குப் 'பைத்தியக்காரப் பெட்ரோல்' என்று பட்டம் சூட்டின. நியூயார்க், பிலடெல்பியா போன்ற இடங்களில் விற்பனைக்குத் தடை விதித்தார்கள்.

அக்டோபர் 30-ஆம் தேதி மிட்ஜ்லி பத்திரிகை நிருபர்களைக் கூட்டினார். அந்தத் திரவத்தை எல்லோர் முன்னாலும் கையில் ஊற்றிக் கழுவினார். பாத்திரத்தை மூக்கருகே வைத்து ஒரு நிமிஷம் முகர்ந்தார். பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை என்றார். அதற்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்பு காரீய விஷம் ஏறித் தாமே ஓய்வெடுக்கப் போயிருந்ததை அன்று அவர் சொல்லவில்லை. நாங்கள் நாவல் எழுதுகிறவர்கள், மனிதன் அறிந்தே பொய் சொல்லும் கட்டத்தை எழுத எவ்வளவோ சிரமப்படுகிறோம். வாழ்க்கை அதை இத்தனை எளிதாக எழுதிவிடுகிறது.

1925 மே மாதம் வாஷிங்டனில் ஒரு மகாநாடு கூடியது. தொழிற்சாலை நோய்களை ஆராய்ந்தவரும், ஹார்வர்டு சர்வகலாசாலையின் முதல் பெண் ஆசிரியருமான டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் எழுந்து எதிர்த்துப் பேசினார். தொழிற்சாலைக்குள் தொழிலாளியைக் காப்பாற்ற ஏதாவது வழி செய்யலாம். தெருவில் தூவப்படும் காரீயத்திலிருந்து ஊரைக் காப்பாற்ற வழி ஏது என்பதே அவருடைய வாதத்தின் சாரம். கொஞ்ச காலம் விற்பனையை நிறுத்தி வைத்து ஒரு குழு ஆராய்ந்தது. 1926 ஜனவரியில், தடை செய்வதற்குப் போதிய ஆதாரம் இப்போது இல்லை, ஆராய்ச்சி தொடர வேண்டும் என்று அது அறிக்கை கொடுத்தது. விற்பனை மறுபடி தொடங்கியது. ஆராய்ச்சியோ, சரக்கை விற்பவர்களின் பணத்தில், அவர்கள் அமர்த்திய வைத்தியர்களின் கையில் தொடர்ந்தது. மனித உடம்பில் கொஞ்சம் காரீயம் இருப்பது இயற்கை என்பதே அந்த வைத்தியர்கள் நாற்பது வருஷம் பாடிய பல்லவி.

*

இனிமேல் கதை கலிபோர்னியாவுக்குப் போகிறது. 1943 ஜூலையில் ஒரு நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தைக் கண்ணெரிச்சல் தரும் மங்கிய புகை மூடிக்கொண்டது. யுத்த காலம், எதிரிகள் விஷவாயு வீசிவிட்டார்கள் என்றுகூடச் சிலர் பயந்தார்கள். அப்புறம் அது அடிக்கடி வர ஆரம்பித்தது. இதன் மர்மத்தை அவிழ்த்தவர் ஹாகன் ஸ்மிட் என்ற டச்சுக்காரர். அன்னாசிப் பழத்துக்கு மணம் தரும் பொருள்கள் எவை என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். பழ வாசனையைப் பிரித்துப் பார்த்த அதே முறையில் ஊர்க்காற்றையும் பிரித்துப் பார்த்தார். கார்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் எரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்ஸைடும் வெயிலில் கூடி ஓசோன் என்ற எரிச்சல் வாயுவை உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் நிரூபித்தார்.

அதன் பிறகுதான் வண்டியில் புதிய உறுப்புகள் முளைத்தன. அதுவரை பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிற ஆவியை ஒரு குழாய் வழியாகச் சும்மா ரோட்டில் விட்டுவிடுவார்கள். அதை மறுபடி என்ஜினுக்குள்ளேயே அனுப்பி எரிக்க ஒரு சிறு வால்வு 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க வண்டிகளில் வந்தது. அடுத்தபடி, புகைக்குழாயிலேயே ஒரு சுத்திகரிப்புப் பெட்டி வைக்கலாம் என்ற யோசனை. யூஜீன் ஹூட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் அமெரிக்காவில் அதற்காகப் பாடுபட்டார். தேன்கூட்டைப் போன்ற துளைகளில் பிளாட்டினம் போன்ற உயர்ந்த உலோகத்தை மெல்லியதாகப் பூசினால், அது கிரியா ஊக்கியாக நின்று, தான் மாறாமலே விஷப் புகையை மாற்றிவிடும். இன்று காட்டலிடிக் கன்வர்ட்டர் என்கிறோமே, அதுதான்.

ஆனால் ஒரு தடை. பெட்ரோலில் உள்ள காரீயம் அந்தப் பிளாட்டினத்தின் மேல் படிந்து அதைக் கொன்றுவிடும். காரீயம் இருக்கும் வரை கன்வர்ட்டர் பிழைக்காது.

இதற்கிடையில் கிளேர் பாட்டர்ஸன் என்ற விஞ்ஞானி பூமியின் வயதைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். பாறைகளில் உள்ள காரீயத்தை அளந்துதான் அதைச் சொல்ல முடியும். எத்தனை கழுவினாலும் எங்கிருந்தோ காரீயம் வந்து கலந்து அவர் கணக்கைக் கெடுத்தது. மிகச் சுத்தமான ஒரு சோதனைச் சாலை அமைத்து, 1956-ல் பூமிக்கு வயது சுமார் 455 கோடி வருஷம் என்று வெளியிட்டார். கணக்கு முடிந்தும் அவருக்கு நிம்மதி இல்லை. எங்கும் நிறைந்த இந்தக் காரீயம் எங்கிருந்து வருகிறது? கடல்நீரையும் கிரீன்லாந்துப் பனியையும் ஆராய்ந்தார். பழைய பனியில் காரீயம் மிகச் சொற்பம். புதிய பனியில் அது பன்மடங்கு. 1965-ல் அவர் எழுதிய கட்டுரை, மனிதர் உடம்பில் இருக்கும் காரீயம் இயற்கை அல்ல, நாமே வரவழைத்துக்கொண்டது என்று சொன்னது. அதனால் அவருக்கு வந்துகொண்டிருந்த ஆராய்ச்சிப் பணங்கள் சில நின்று போயின.

ஆயினும் பெட்ரோலிலிருந்து காரீயத்தை எடுக்க முதலில் வழி பிறந்தது அவர் வார்த்தையால் அல்ல. 1970-ல் அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் வந்தது. கார்ப் புகையை நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குறைக்க வேண்டும் என்றது. கன்வர்ட்டர் இல்லாமல் அது முடியாது. ஒரு காலத்தில் எத்திலைப் பெற்று வளர்த்த அதே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தலைவரே அந்த வருஷம், பெட்ரோலிலிருந்து காரீயம் போக வேண்டும் என்றார். 1974-லிருந்து பெரிய பெட்ரோல் பங்குகளில் காரீயமில்லாத பெட்ரோல் விற்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. 1975 மாடல் வண்டிகள் கன்வர்ட்டருடன் வந்தன. பழைய பெட்ரோல் குழாயின் மூக்கு நுழையாதபடி அவற்றின் பெட்ரோல் துவாரத்தைக் குறுக்கி வைத்தார்கள்.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 1924-ல் ஐந்து தொழிலாளிகள் புத்தி கெட்டு இறந்தபோது அசையாத காரீயம், ஐம்பது வருஷம் கழித்து ஒரு இயந்திர உறுப்புக்கு உடம்பு சரியில்லை என்றதும் அசைந்துகொடுத்தது! மனிதனுக்கு விஷம் என்றால் ஆதாரம் போதாது. பிளாட்டினத்துக்கு விஷம் என்றால் ஆதாரம் போதும்.

மனிதருக்கான ஆதாரமும் பின்னால் வந்து சேர்ந்தது. 1979-ல் டாக்டர் ஹெர்பர்ட் நீடில்மன், பாஸ்டன் நகரை அடுத்த ஊர்களில் சிறுவர்களின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து ஆராய்ந்தார். பல்லில் காரீயம் அதிகமாக இருந்த குழந்தைகளுக்குப் புத்திக் கூர்மைச் சோதனையில் மதிப்பெண் குறைவாக இருந்தது. வகுப்பில் கவனமும் குறைவு. அந்தக் குழந்தைகளுக்கு நோய் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. வாத்தியார் 'மந்தம்' என்று சொல்லியிருப்பார். 1976-க்கும் 1980-க்கும் இடையில், பெட்ரோலில் காரீயம் குறையக் குறைய, அமெரிக்க ஜனங்களின் ரத்தத்தில் இருந்த காரீயமும் சராசரி 37 சதவீதம் குறைந்தது. எண்ணெய்க்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருந்த தொடர்பு சர்க்கார் கணக்கிலேயே ஏறிவிட்டது.

அதே 1980-களில்தான் கும்பகோணத்தில் ஒரு பையன் புகைக்குழாய்க்குப் பின்னால் நின்று, "சுத்தமா வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நீலத்துக்கும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் அவனுக்கு அர்த்தம் தெரியும். காரீயத்துக்கு நிறம் இல்லை.

நம் நாட்டில் உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குகள் போய், அது உத்தரவுகள் போட்ட பிறகு காரியம் நடந்தது. 1995 ஏப்ரலில் சென்னை, பம்பாய், டில்லி, கல்கத்தா ஆகிய நான்கு நகரங்களில் காரீயமில்லாத பெட்ரோல் வந்தது. அங்கே புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமாயிற்று. நாடு முழுவதும் காரீயம் நீங்கியது 2000 பிப்ரவரி முதல் தேதியில்தான். அந்த ஐந்து வருஷங்களிலும் புதிய வண்டிகளின் பிளாட்டினம் எங்கே ஓடியதோ அங்கே நல்ல பெட்ரோல் முதலில் போயிற்று. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் அதை நிறுத்தியது. டேட்டன் நகரில் முதல் காலன் விற்று 98 வருஷங்கள் ஆகியிருந்தன.

*

இப்போது வண்டி மாறிவிட்டது. பாட்டரிகள் பெரும்பாலும் மூடி முத்திரையிட்டு வருகின்றன. தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் ஆறாம் தர வண்டிகள்தாம் விற்கப்படுகின்றன. புகைக்குழாய்க்குள்ளேயே ஒரு கருவி உட்கார்ந்து, பிராணவாயு எவ்வளவு என்று முகர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. நான் செய்த உத்தியோகத்தை இப்போது அது செய்கிறது. தவறு கண்டால் எதிரே ஒரு மஞ்சள் விளக்கு எரியும்.

அப்படியானால் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைக் காரியங்கள் வீணா? இல்லை. அவற்றுக்கு இப்போது இன்னொரு அர்த்தம் வந்திருக்கிறது. ஸ்பார்க் பிளக் பழுதாகிப் பொறி தவறினால், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, அந்தச் சூட்டில் தேன்கூடு உருகிவிடும். என்ஜின் ஆயிலைக் குடித்தால், ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் பிளாட்டினத்தின் மேல் படியும். வண்டி அப்போதும் ஓடும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாமல் இருக்கலாம். பின்னால் நிற்பவர் மூச்சில்தான் அது போய்ச் சேரும். ஆயில் கம்பியை உருவிப் பார்ப்பது அந்தக் காலத்தில் வண்டிக்காகச் செய்தது. இன்று அது ஊருக்காகவும் செய்வது. மஞ்சள் விளக்கு எரிந்தால், 'வண்டிதான் ஓடுகிறதே' என்று அதை மறந்துவிடலாகாது.

பாட்டரி விஷயமும் அப்படியே. காரீயம் பெட்ரோலை விட்டுப் போயிற்றே தவிர பாட்டரியை விட்டுப் போகவில்லை. பழைய பாட்டரியைக் காயலான் கடையில் போட்டால், அது எங்கோ ஒரு கொல்லைப்புறத்தில் உடைபட்டு, திறந்த அடுப்பில் உருகும். அந்தப் புழுதியில் விளையாடுவது யார் வீட்டுக் குழந்தையோ. 2020-ல் யூனிசெப் வெளியிட்ட அறிக்கை, உலகத்துக் குழந்தைகளில் மூன்றில் ஒருவர் ரத்தத்தில் கவலைப்படத்தக்க அளவு காரீயம் இருப்பதாகச் சொல்கிறது. அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இந்தப் பாட்டரி உருக்கும் தொழில். பழைய பாட்டரியை விற்பனையாளரிடமோ அதற்கென்று குறித்த சேகரிப்பு இடத்திலோ திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 2001-லேயே நம் நாட்டில் விதி செய்தார்கள். காயலான் கடைக்காரர் நூறு ரூபாய் அதிகம் கொடுப்பார் என்பது எனக்கும் தெரியும்.

இவ்வளவையும் படித்த மறுநாள் நான் அந்த வேனுக்குத் திரும்பிப் போனேன்.

"தம்பி, குழாயைச் செருகி ஒருமுறை பார்த்துவிடுங்கள்."

"சர்ட்டிபிகேட்தான் கொடுத்தாச்சே, சார்?"

"அது இருக்கட்டும். எனக்குத் தெரிய வேண்டும்."

இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். ஆனாலும் மரியாதைக்காரர், குழாயை எடுத்துக்கொண்டு வந்தார். நான் என்ஜினைக் கிளப்பினேன். கம்ப்யூட்டரில் எண்கள் ஓடி நின்றன. எல்லாம் அளவுக்குள்தான் இருந்தன. "நான்தான் சொன்னேனே, சார்" என்றார் அவர், வெற்றியோடு.

அந்த நேரத்தில் பக்கத்து டீக்கடைப் பையன் ஒருவன் தம்ளர்களைத் தூக்கிக்கொண்டு வந்து, குழாய் எப்படிச் செருகியிருக்கிறது என்று வேடிக்கை பார்க்க என் வண்டிக்குப் பின்னால் குனிந்து நின்றான். நான் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி, "இந்தப் பக்கம் வந்து பாருப்பா" என்று அவனைத் தோளைப் பிடித்து அழைத்து வந்தேன்.

என் தகப்பனார் என்னை அப்படி அழைத்ததில்லை. அவர்மேல் குற்றமில்லை, அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.